அடுப்பண்டை நின்ற பண்டாரி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், நடந்ததில் சிலது மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை. சின்ன வயதிலிருந்து இந்த ஜவ்வாது மலைக் காட்டில் தனியாகச் சுற்றியிருக்கிறேன், எதுவும் என்னை மறித்ததில்லை. கடைசியில் மறித்தது ஒரு செல்போனுக்குள். சிரிக்காமல் படியுங்கள்.

என் மருமகள் மலருக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கினதும், எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான், வீட்டில் நாங்கள் இருவர்தான். மலருக்குச் செல்லில் ஒரு விளையாட்டு. ராஜா, பூதம், மந்திரவாதி எல்லாம் வரும், எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவார்கள். அதில் ஆளுக்கொரு தொழில் கற்க வேண்டும், கொல்லன் வேலை, தையல் இப்படி. இவள் எடுத்தது சமையல். ஒரே குழம்பை நூறு தரம் வைத்தால்தான் அடுத்தது திறக்கும். எங்களுக்குச் சிக்னல் வாசல் பாறைமேல்தான் கிடைக்கும், படுத்துக் கிடப்பவள் அங்கே எப்படிப் போவாள்?

"அத்தே, எனக்கு பதிலு நீங்க பொங்கி வுடுங்க. இல்லாட்டி கூட ஆடறவங்க என்ன வுட்டுட்டு போய்டுவாங்க."

"எனக்கு இங்கிலீஷு இன்னாமே தெரியும்?"

"படத்த பாத்து அமுக்குங்க. வூட்ல பொங்கற கைக்கு இதுல இன்னா கஷ்டம்?"

பத்து நாளில் பழகிவிட்டது. காளான், வெங்காயம், உப்பு என்று படங்களை வரிசையாகத் தொட்டால் சட்டியில் விழும், மணி அடிக்கும். தப்பினால் கருகிக் கரும்புகை வரும். ஐம்பது தரம் தாண்டிய பிறகு எனக்கு ஒன்றுகூடக் கருகவில்லை, பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். அந்த அடுப்பண்டை பெரிய மீசை வைத்த ஒருவர் முதுகு காட்டி நிற்பார். கல்யாணச் சமையல்காரர் மாதிரி இருந்ததால் மனசுக்குள் பண்டாரி என்று பேர் வைத்தேன். வேற்று ஆள் என்பதால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் ஆடுவேன். இதையெல்லாம் மருமகளிடம் சொல்ல வெட்கம், சொல்லவில்லை.

ஒரு மழைக்கு மறுநாள் மலர், "அத்தே, காளான் கொழம்பு துன்னணும்னு நாக்கு துடிக்குது" என்றாள். சாப்பிட இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டதே அதுதான் முதல் தரம். உடனே போய்ப் பறித்து வந்தேன். ஐம்பது வருஷமாகப் புற்றுக்காளான் பறிக்கிறேன், ஒரு நாளும் ஏமாந்ததில்லை. குழம்பை இறக்கி மூடிவிட்டு, சாமைச் சோறு வேகட்டும் என்று பாறைக்குப் போனேன். பட்டப்பகல், நல்ல வெயில்.

காளான் படத்தைத் தொட்டேன், கருகியது. மறுபடி தொட்டேன், கருகியது. எட்டு தரமோ ஒன்பது தரமோ அப்படியே ஆச்சு. அப்புறம் அந்தப் பண்டாரி, நம்பினால் நம்புங்கள், திரும்பி என்னை நேராகப் பார்த்தார். வாய் அசையவில்லை. இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். நான் தொடத் தொட அவர் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே ஓடி மூடியைத் திறந்தேன். என் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, அப்படியே கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன்.

"இன்னாத்தே இது? நான் ஆசையா கேட்டத கொட்டிட்டு வந்து நிக்கறீங்களே!"

"கருகிடுச்சுமே."

"வாசன ஊரையே தூக்குது, கருகிடுச்சாம்! நான் துன்னா ஒங்களுக்கு ஆவாதா?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், ராத்திரியும் சாப்பிடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டினி போட்டேனே என்று எனக்கும் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால் குழியண்டை எங்கள் கோழி மூன்றும் விறைத்துக் கிடந்தன. நான் கத்தின கத்தலில் மலர் வாசல்வரை வந்துவிட்டாள். கோழிகளைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. எந்தக் காளானில் தப்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நான் பறிப்பதில்லை.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஒருநாள் பாறைமேல் உட்கார்ந்து மலரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் செல்லைக் காட்டினேன்.

"எந்தப் பண்டாரி அத்தே? வெறும் அடுப்புதான் கீது."

"தோ, மீச வெச்சிகினு நிக்கறாரே!"

"ஒங்க கண்ண டாக்டராண்ட காட்டணும்."

லீவில் வந்த மகனும் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. நான் வாங்கிப் பார்த்தால் நிற்கிறார். இன்றும் நிற்கிறார். நான் தனியாக இருந்தால் அடுப்பைப் பார்த்தபடி, குழந்தை மடியில் இருந்தால் இந்தப் பக்கம் திரும்பி.

நடந்தது ஆவணியா புரட்டாசியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் யாராவது அடுப்பண்டை ஒருவர் நிற்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள். நின்றால், பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்குப் பேசக் கூச்சமாக இருக்கிறது.