தம்பியின் சட்டை வைத்த இடம்

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு நின்றது. எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். விருந்தினர் சொல்லும் குறைகளை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அதற்காக ஞாயிறு வகுப்புக்குப் போனேன். ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும்போது வினையின் காலத்தை ஒருபடி பின்னுக்குத் தள்ள வேண்டுமாம். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார் டீச்சர்.

எனக்குத் தம்பிதான் நினைவுக்கு வந்தான். கம்போடியாவில் வேலை என்று போனவன். கடைசியாகப் போனில், "அக்கா, தீபாவளிக்கு வாரேன்லா, அம்மாகிட்ட சொல்லு" என்றான். அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவேயில்லை. 'ஹி செட் ஹி வுட் கம்' என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக்கடை பாய் எட்டிப் பார்த்தார். "டீச்சர், இப்ப இந்த ஆளு வந்தாரா, வரலயா?"

"இத வச்சுத் தெரியாதுண்ணே."

"அப்ப நம்ம மோட்டார் ரிப்பேர் கடைக்காரன் மாதிரிதான். நாளைக்குத் தாரேம்பான், தருவானா மாட்டானான்னு தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டில் அம்மா அடிக்கடி கேட்பார், "தம்பி என்னா சொன்னான்?"

"தீபாவளிக்கு வாரேன்னு சொன்னான்மா."

தமிழில் அவன் 'வாரேன்' அப்படியே நிற்கும். அந்தத் தீபாவளி போன பின்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தீபாவளியும் வந்தது. அதற்கு முதல் நாள் மாலை, இறந்தவர்களுக்குப் படையல். அப்பா படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, அவருக்கு எடுத்த வேட்டியை வைத்தோம். உயிரோடு இருப்பவர்களின் புதுத்துணி மஞ்சள் தொட்டு சாமித் தட்டில் இருந்தது. தம்பியின் நீலச் சட்டையும் அதில்தான்.

கோலா கங்சாரிலிருந்து வந்த சித்தப்பா மெல்லச் சொன்னார். "அண்ணி, அதையும் இங்கயே வச்சிரலாம். பசியோட அலைய விடக்கூடாது."

அம்மா என்னைப் பார்த்தார். "அவன் என்னா சொன்னான்?"

நான் இலையில் சோற்றைப் பரிமாறினேன். அம்மா காத்திருந்தார். சோறு ஆறியது. பிறகு எழுந்துபோய்ச் சட்டையை எடுத்துவந்து வேட்டியின் மேல் வைத்தார். அதில் பட்டிருந்த மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

படையல் துணியை வீட்டில் யாராவது உடுத்த வேண்டும். மறுநாள் காலை அந்தச் சட்டையைச் சித்தப்பா போட்டுக்கொண்டார். கை கொஞ்சம் நீளமாக இருந்தது, மடித்துவிட்டுக்கொண்டார்.