முன் பேட்டரி, பின் பேட்டரி

என் தங்கையின் வீட்டுக்காரர் எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டு வலை போடுகிறவர். படகுக்கும் கரைக்கல்லுக்கும் நடுவில் சிக்கி அவருடைய வலது தோள் நசுங்கிப்போனது. எலும்பு கூடிய பிறகும் கை மேலே எழவில்லை. படகு எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை ஓங்கி இழுக்க வேண்டும். அது இனி அவரால் ஆகாது. நான் வேலை செய்யும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் அவருக்காக வாட்ச்மேன் வேலை கேட்டு வைத்தேன். கேட்டருகே உட்கார்ந்து வண்டி எண்களை எழுதும் வேலை. அவர் பிடி கொடுக்கவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். கைப்பிடியைத் திருகினால் ஓடும், கயிறு கிடையாது.

"இத்த மாட்டிக் குடு மச்சான். ஓடுச்சின்னா நா தொழிலுக்குப் போறேன். ஓடலன்னா உன் கேட்டாண்டயே வந்து குந்திக்கிறேன்" என்றார்.

யார்டில் ஸ்டோரும் டிரெய்லர் வண்டிகளின் பராமரிப்பும் என் பொறுப்பு. எலக்ட்ரீஷியன்கள் செய்வதை இருபது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன். மோட்டாருக்கு இருபத்துநான்கு வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கினோம். ஒன்றின் மைனஸிலிருந்து மற்றதன் பிளஸுக்குத் தடித்த ஒயர் ஒன்று, மிச்சமிருக்கும் பிளஸும் மைனஸும் மோட்டாருக்கு. படகு ஒரு பக்கம் அழுந்தாமல் இருக்க ஒரு பேட்டரியை முன்பலகைக்கு அடியிலும் இன்னொன்றைப் பின்பலகைக்கு அடியிலும் தனித்தனிப் பெட்டியில் வைத்தேன். நடுவில் ஃபியூஸ். உப்புக்காற்றில் பச்சை பூக்காமல் இருக்க முனைகளுக்கு வாசலின். ஆழம் காட்டும் சின்னத் திரைக்கும் விளக்குக்கும் பன்னிரண்டு வோல்ட் போதும் என்பதால், அந்த இரண்டுக்கும் பின் பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்தேன். டிரெய்லரில் டிரைவர்கள் பாட்டுப்பெட்டிக்கு இப்படித்தான் எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் மீட்டரோடு போய் இரண்டையும் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். முதல் மூன்று வாரமும் குறையில்லை. நான்காம் வாரம் முன் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு, பின் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஒரே நாளில் வாங்கி, ஒரே சார்ஜரில் போட்டவை. ஒன்று மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

அந்த வாரமே முகத்துவாரத்தில் மோட்டார் நின்றது. தண்ணீர் கடலுக்கு இழுக்கும் நேரம். ஒற்றைக் கையால் துடுப்புப் போட முடியாமல் அவர் கடல் பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார். பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் கேலி நடந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமு, செல்லு தீந்துபோச்சா? டார்ச் லைட்டத் தட்டுற மாதிரி ரெண்டு தட்டு தட்றதுதான?"

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, இந்த மோட்டார நம்பி இவர அனுப்பலாமா வேணாமா? ஒரே வார்த்தையா சொல்லு" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு அளந்தபோது எழுதியதை அடித்துவிட்டு மறுபடி அளந்தேன். இப்போது முன் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஒன்று. பின் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு. இறங்கிக் கிடந்தது எழுந்துவிட்டது, நன்றாக இருந்தது இறங்கிவிட்டது. பேட்டரி தானாக இப்படிச் செய்யாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அன்று டீ குடிக்க அவர்கள் வீட்டுக்குள் போனேன். கூடத்து மூலையில் இன்வெர்ட்டர், அதன் மேல் பழைய புடவைத் துணி. துணிக்குக் கீழே தெரிந்த பேட்டரி படகில் இருக்கும் அதே கம்பெனி, அதே அளவு, அதே சாம்பல் நிற மூடி. எண்ணூரில் கரண்ட் போவது புதிதில்லை. வீட்டில் பழசாகிப்போன பேட்டரியைப் படகில் வைத்துவிட்டுப் புதியதை இங்கே மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? "இன்வெர்ட்டர் நல்லா ஓடுதா?" என்று கேட்டேன். தங்கை என் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் ஓடுது" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டுக்காரர் தேவைக்கு மேல் பேசினார், நண்டு விலையைப் பற்றி, அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரைப் பற்றி. எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். தங்கை முகம் திருப்பியதையும்தான்.

மறுவாரம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் முன் பேட்டரியின் கைப்பிடிக்கு அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறினேன். குனிந்து தேடினால்தான் தெரியும். பெட்டியை மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலத் திரும்பினேன்.

இரண்டு ஞாயிறு குறி அங்கேயே இருந்தது. மூன்றாவது ஞாயிறு முன்பெட்டியைத் திறந்து விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். குறி இல்லை.

நேராக வீட்டுக்குள் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இன்வெர்ட்டர் மேலிருந்த துணியை இழுத்துப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கைப்பிடியின் அடியில் பார்த்தேன். அங்கேயும் குறி இல்லை.

"இன்னா மச்சான் தேடுற?" அவர் வாசலில் நின்றிருந்தார்.

"முன்னால இருந்த பேட்டரி எங்க? அதுல அடையாளம் போட்டு வெச்சிருந்தேன்."

"அடையாளமா?" அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு என்னை. "திருட்டு ஆட்டுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

"எங்கன்னு கேக்கறேன்."

"பின்னால இருக்கற பொட்டியத் தொறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒன்றில் மட்டும் குறி போட்டவன், அது அங்கே இல்லை என்றதும் இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் தேடவில்லை. மூன்று பேரும் படகுக்குப் போனோம். பின்பெட்டியை அவர் இடது கையால் திறந்தார். பெருக்கல் குறி அங்கே இருந்தது.

"நாந்தான் மாத்திப் போட்டுகினு கீறேன். முன்னாலத பின்னால, பின்னாலத முன்னால. மோட்டார் நின்ன அன்னிக்கி டீக்கடையில டிரெய்லர் ஓட்டறவன் ஒருத்தன்கிட்ட சொன்னேன். கேட்டுட்டு சிரிச்சான். பாட்டுப்பெட்டிக்கு ஒத்த பேட்டரில ஒயர் எடுத்தா அது மட்டும் ஒக்காந்துடும், மாசத்துக்கு ஒரு வாட்டி ரெண்டையும் எடம் மாத்தணும், இதுகூடத் தெரியாதான்னான்."

எனக்குத் தெரியாது. யார்டுக்குள் ஒயர் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இடம் மாற்றுவது ரோட்டோரத்தில், வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, டிரைவர்கள் தாங்களே செய்துகொள்வது. ஸ்டோரின் பதிவேட்டுக்கு அது வருவதில்லை. திரையும் விளக்கும் மணிக்கணக்கில் பின் பேட்டரியை மட்டும் குடித்திருக்கின்றன. சார்ஜர் இரண்டுக்கும் சேர்த்து ஏற்றும்போது நல்லது நிரம்பியதும் நின்றுவிட, மற்றது அரைகுறையாகவே இருந்திருக்கிறது. முகத்துவாரத்தில் மோட்டாரை நிறுத்தியது என் ஒயர்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

தங்கைதான் பதில் சொன்னாள். "உன்னாண்ட தப்புன்னு யார்ணே சொல்றது? நோட்டப் பிரிச்சி வெச்சிப்ப. அவருதான் சொல்லாதன்னாரு."

அவர் பெட்டியின் மூடியை இரண்டு முறை திறந்து மூடினார்.

"நானும் ஒண்ணு நெனச்சேன் மச்சான். நா கேட்டாண்ட வந்து குந்தணும்னு வேணும்னே இப்படிக் கட்டுனியோன்னு."

அதற்கு நான் என்ன சொன்னாலும் இருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். வண்ணாரப்பேட்டைக்குப் போய் பைக் பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன். திரையையும் விளக்கையும் பின் பேட்டரியிலிருந்து அறுத்து அதற்கு மாற்றினேன். பெரிய பேட்டரிகளை இரண்டு நாள் தனித்தனியாகச் சார்ஜ் செய்து, நான்கு மணி நேரம் விட்டு அளந்தேன். இரண்டும் பன்னிரண்டு புள்ளி ஏழு. மீட்டரை அவரிடமே கொடுத்து அளக்கச் சொன்னேன். அவர் அளந்தார். அதன் பிறகும் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கவில்லை.

"நீயும் ஏறு" என்றார்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும். அதான் ஏறுன்றேன். கட்டுனவன் குந்தி வரட்டும்."

தங்கை என் செருப்பை வாங்கிக்கொண்டாள். ஏறினேன்.

போகும்போது தண்ணீரே இழுத்துக்கொண்டு போனது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வலப்புறம் மெல்ல நகர்ந்தன. முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் படகைத் திருப்பினார். எதிரில் முழு இழுப்பு. கைப்பிடியைக் கடைசி வரை திருகினார். மோட்டாரின் முனகல் கனத்தது. படகு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. கரையில் நட்டிருந்த வலைக்கம்பு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை பலகையைப் பிடித்திருந்ததை அவர் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மீட்டரால் நான் பேட்டரியை அளப்பது போல என்னை அளந்துகொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கம்பு ஒரு சாண் பின்னால் போனது. இன்னொரு சாண். அடுத்த கம்பு வந்தது.

பாலத்தின் நிழலுக்கு வந்ததும் மோட்டாரைக் குறைத்து, இடது கையால் நண்டு வலையை எடுத்து மெதுவாக விட ஆரம்பித்தார். விபத்துக்குப் பிறகு அவர் பதற்றமில்லாமல் வலை விட்டதை அன்றுதான் பார்த்தேன். கடைசி மிதவையும் விழுந்த பிறகுதான் பேசினார்.

"நாளைக்கு நா தனியாப் போறேன். நீ வரத் தேவயில்ல."