சனி மூலை மண்

இப்போதெல்லாம் மண் மாதிரிகள் எங்களுக்குக் கூரியரில் வருகின்றன. பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பார்கோடு, உள்ளே காய்ந்து பொடியான மண். வாசனையே இருக்காது. போன வாரம் ஒரு உறை மட்டும் ஈரத்தோடு வந்துவிட்டது. பிரித்ததும் அழுகிய தண்டும் வாய்க்கால் சேறும் கலந்த வாசம். 'ஈரமாக வந்தது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். எழுதினேன். மனம்தான் பரவை ஊர்ப் பக்கம் போய்விட்டது.

படிப்பை முடித்து நான் முதலில் சேர்ந்த இடம் தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருந்த சின்ன மண் பரிசோதனைக் கூடம். மூன்று பேர், ஒரு மின்விசிறி, தரை முழுக்க விரித்த பழைய செய்தித்தாள், அதில் நிழலில் உலரும் மண் குவியல்கள். சாப்பாட்டு டப்பாவை வைக்க இடம் தேடுவதே மதிய வேலை. எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் நிம்மதி. மண் கொண்டு வருகிறவர்களிடம் கேட்பதற்கென்று ஒன்பது கேள்விகளை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஊர், பயிர், பாசனத் தண்ணீர், போட்ட உரம் என்று போகும். அந்த வரிசை மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்போது வந்தவர்தான் பாண்டியம்மாக்கா. நாற்பது வயதிருக்கும். பரவையைத் தாண்டி வாய்க்காலோரம் அரை ஏக்கரில் கீரை போட்டுச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இலையெல்லாம் வெளிறுகிறது, மேலே ஒரு முலாம் பட்டறையிலிருந்து வாய்க்காலில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள், தண்ணீர் ஒரு நாள் பச்சையாகவும் ஒரு நாள் நுரையாகவும் வருகிறது என்றார். இந்த மண்ணில் விளைவதைச் சனங்கள் தின்னலாமா கூடாதா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். மண் இருந்த பைக்குக் குங்குமம் வைத்திருந்தார். உள்ளே கல்லில்லை, வேரில்லை. சலித்த மாவு மாதிரி மண். நான் ஒன்பது கேள்விகளுக்கும் பதில் வாங்கிக்கொண்டேன்.

முடிவில் ஒரு குறையும் தெரியவில்லை. ஈயம், காட்மியம், குரோமியம், மூன்றுமே இருக்க வேண்டிய அளவுக்குள்தான் இருந்தன. "நல்ல மண்ணுக்கா, தாராளமா விக்கலாம்" என்றேன். அதிலிருந்து அக்கா தல்லாகுளம் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கட்டு அரைக்கீரையோ தண்டங்கீரையோ என் மேசைக்கு வந்தது. நான் தங்கியிருந்த விடுதியில் சமைக்கிற அம்மாவிடம் கொடுத்துக் கடையச் சொல்வேன். அங்கே எனக்குத் திடீரென்று மரியாதை கூடியதற்குக் காரணம் என் குணம் இல்லை, கீரைதான்.

இரண்டு மாதமாகியும் இலை வெளிறுவது நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து நேரில் போனேன். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழைகிற மடையோரம் மண் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. பையில் வந்த மண் இப்படி இல்லையே, அதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். அக்கா எதிர்க்கோடி மேட்டைக் காட்டினார்.

"சனி மூலையிலதேன். வெதைக்கையில மொதல்ல அங்குனதான கொத்துவோம். சாமி கும்புட்டுத்தேன் எடுத்தேன்."

மடையோரம் ஏன் எடுக்கவில்லை என்றேன்.

"நல்லாருக்கே. பொண்ணு பாக்க வாரவுகளுக்கு அடுப்படிக் கரியவா காட்டுவாக?"

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்த வடகிழக்கு மூலைதான் வயலிலேயே உயரமான இடம். வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறுவதே அபூர்வம். வயல் முழுக்கப் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும் என்பது கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். எங்கே எடுத்தது என்ற கேள்வி மட்டும் என் ஒன்பதில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பதினைந்து இடத்தில் தோண்டினேன். எலிகூட இம்புட்டு வளை போடாது என்று அக்கா கேலி செய்துகொண்டே கூடையைப் பிடித்தார். சோதித்துப் பார்த்ததில் மடையோர மண்ணிலும் அங்கே பறித்த கீரையிலும் ஈயமும் காட்மியமும் அளவைத் தாண்டி இருந்தன. அதை ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. மறுபடி பஸ் ஏறினேன். விற்கக் கூடாது, முதலில் சொன்னது என் தப்பு என்றேன். அக்கா குனிந்து பாத்தியிலிருந்து ஒரு கீரையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"அப்ப நீயும் ரெண்டு மாசமாத் தின்னுருக்கியே பாப்பா."

அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே வரிசை போட்டு வைத்திருந்தேன். எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மாட்டுக்காவது போடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். சந்தைக்குக் கட்டி வைத்திருந்த கீரையை அவரே குழி வெட்டிப் புதைத்தார். மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே, "மடைய அடைச்சிட்டா எம்புட்டு நாள்ல சரியாகும்?" என்றார். உப்பாக இருந்தால் நாலு மழையில் கரைந்து போகும், ஈயம் அப்படிப் போகாது என்று சொன்னேன்.

அந்த மாடியில் இப்போது செல்ஃபோன் கடை. பட்டறையையும் மூடிவிட்டார்கள், வாய்க்காலில் வரும் கொஞ்சத் தண்ணீரும் தெளிவாகவே வருகிறது. வயலில் கீரைப் பாத்தி ஒன்றுகூட இல்லை, செண்டுப்பூதான். சந்தையில் கீரைக்காரம்மா என்று கூப்பிட்டவர்கள் இன்று பூக்காரம்மா என்கிறார்கள். போன தை மாதம் நான் மறுபடி போய் மண் எடுத்தேன். அக்கா முதலில் மடையோரத்துக்குத்தான் கூட்டிப்போனார், வெயிலுக்குக் குடை பிடித்தார். முடிவு வந்தது. ஈயம் பழைய அளவிலிருந்து அசையவே இல்லை. அன்று மாலை ஃபோனில் சொன்னேன்.

"சரி பாப்பா. இந்த வருசமும் பூவே போடுறேன்" என்றார்.