அமலோற்பவம் 'வேண்டாம்' என்றாள்

1989 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்து வைத்தேன். முகையூரிலிருந்து வந்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒரு பிடி வறுத்துச் சட்னி அரைத்தேன். எட்டரைக்குப் பள்ளி. முதல் பாடவேளை, ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல். மாலையில் துணி மடித்து வைத்தேன். ஆறு மணிக்கு அமலோற்பவம் வந்தாள்.

அவள் வந்து போனபின் இதை இனியும் மூடி வைப்பதற்கில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாலரை ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண் 'வேண்டாம்' என்றாள். நான் அதை 'வேண்டும்' என்று மொழிபெயர்த்தேன். தெரிந்தே செய்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு நடத்திவருகிறேன். யாரும் நடத்தச் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. ஐரோப்பாவில் என்ன படிக்கலாம், எந்த ஊரில் வேலை பழகிக்கொண்டே படிக்க முடியும், குளிருக்கு என்ன உடுத்த வேண்டும், எந்த மொழி வேண்டும்... இவையெல்லாம் சொல்லித் தருவேன். இளவயதில் புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சு கற்றவள் நான். கற்ற மொழியோடு போக நினைத்த ஊருக்குப் போகவில்லை. அது வேறு கதை. வேறு கதைதானா? தெரியவில்லை.

1984 வரை ஆறு ஆண்டுகள் நடத்தினேன். ஒருத்திகூடப் போகவில்லை. ஆசிரியைகள் அறையில் கணக்கு டீச்சர் தினமும் கேட்பார்: "என்ன டீச்சர், உங்க ஐரோப்பா பஸ்ஸு கெளம்பிடுச்சா? இல்ல, இன்னும் ஆள் ஏறலியா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த வகுப்பில் அமலோற்பவம் முன்பெஞ்சு. முகையூரில் கூலி வேலை செய்யும் குடும்பம். பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். மல்லாட்டை பறிக்கும் காலம் வந்தால் அவள் இடம் காலியாகிவிடும். திரும்பி வரும்போது விரல் நகங்களுக்குள் செம்மண் இருக்கும். அந்த நகங்களோடு பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள்.

அந்த ஆண்டு பெல்ஜியத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். மதாம் என்றே அழைத்தோம். அங்கே ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டுத் தாதியர் பயிற்சி. பகலில் வார்டு வேலை, மாலையில் பாடம். அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதாமுக்கு பிரெஞ்சு தவிர வேறு மொழி தெரியாது. ஆகவே நான்!

1984 ஜூன் 9, விழுப்புரம். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறை. வெளியே அமலோற்பவத்தின் அப்பா, தோளில் துண்டோடு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

மதாம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இவளுக்கு வர விருப்பம்தானா?"

நான் தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், தெளிவாகச் சொன்னாள்: "இல்ல டீச்சர். எனக்குப் போவ மனசில்ல. அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்குது. நீங்களே மதாம்கிட்ட சொல்லிடுங்க. நான் டீச்சர் ட்ரெயினிங் படிச்சிட்டு எங்க ஊர்லயே புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

நான் மதாமின் பக்கம் திரும்பினேன். "இந்த நாளுக்காக 'தெபுயி லோந்தான்' காத்திருக்கிறேன் என்கிறாள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். வெகு காலமாக என்று பொருள்.

மதாம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளும் சிரித்தாள். தன் மறுப்பை ஒருவர் இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாரே என்ற நிம்மதிச் சிரிப்பு!

அந்தப் பொய் ஒரு நொடியில் வாயில் வந்தது. அதற்காவது சாக்குச் சொல்லலாம். இரண்டாவது பொய்யை, திண்டிவனம் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து யோசித்துத் தயாரித்தேன். தேர்வானாள் என்று செய்தி வந்ததும் அவளிடம் சொன்னேன்: "நீ உண்மை பேசியது மதாமுக்குப் பிடித்துவிட்டதாம். அதனாலேயே நீதான் வேண்டும் என்கிறார்."

அதற்குள் அவள் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவளால் என்ன செய்ய முடியும்? போனாள்.

கணக்கு டீச்சர் அதன்பின் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை.

யாருக்காகச் செய்தேன்? அவளுக்காகத்தான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதையே சொல்வேன். பதினெட்டு வயதில், ஊரைத் தாண்டாத ஒரு பெண் சொல்லும் 'வேண்டாம்' எவ்வளவு அவளுடையது, எவ்வளவு பயத்தினுடையது? நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்! அறுவடைக் காலத்தில் காலியாகும் பெஞ்சுகளின் முன் நின்று பாடம் நடத்தியிருக்கிறீர்களா நீங்கள்? நான் நடத்தியிருக்கிறேன். அவள் கேட்டதைச் செய்திருந்தால் நல்லவளாக இருந்திருப்பேன். அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம்.

ஆனால்... அவள் பயந்தது அப்பாவிடம் பேசத்தான். என்னிடம் பயப்படவில்லை. என்னிடம் தெளிவாகத்தான் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் என் வாதம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

நேற்று வந்தவள் காபி குடித்தாள். அங்கே தாதியாக வேலை நிலைத்துவிட்டதாம், ஊரில் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்றாம், தம்பி ஐ.டி.ஐ. படிக்கிறானாம். எனக்கு உள்ளூரப் பெருமை. பார்த்தீர்களா என்று உங்களைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

பிறகு, எதையோ சாதாரணமாக விசாரிப்பதுபோல, "டீச்சர், தெபுயி லோந்தான்" என்றாள்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு நீங்க பேசினதுல அது மட்டும் காதுலயே நின்னுபோச்சி. கேக்கறதுக்கு நல்லா இருந்துது. வேணாம்னு சொல்றதுக்கு இவ்ளோ அழகா வார்த்தை இருக்குதேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். முதல் குளிர்காலம், வார்டுல ஒரு கெழவர். மணி அடிச்சி அடிச்சி ஓஞ்சிட்டாரு. நான் போய் நிக்கறேன், திட்டறாரு. உனக்காக தெபுயி லோந்தான் காத்துக்கினு கெடக்கறேன்னு. பெட்பேனைக் கையில வச்சிக்கினு அப்படியே நின்னுட்டேன் டீச்சர்."

"எனக்கு ஏன் எழுதவில்லை?"

"எழுதி? மூணு வருஷம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கறேன். திரும்பி வந்துட முடியுமா?"

"உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய்?"

"நல்லாத்தான் இருக்கறேன். அது வேற, இது வேற." மிச்சக் காபியைக் குடித்து முடித்தாள். "என்கூடப் படிச்ச ரீட்டாதான் இப்ப எங்க ஊரு ஸ்கூல்ல டீச்சரு. முந்தாநாளு போய் கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன். புள்ளைங்க அவள என்னா பாடு படுத்துதுங்க தெரியுமா!" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால், மறுபடி அந்த அறையில் அவள் அருகே உட்கார்ந்தால் அதையே செய்வேன் என்று எனக்குத் தெரியும். செய்வேன் என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்டால் அது மூன்றாவது பொய். இரண்டு போதும்.

"உங்கமேல கோவப்படவும் முடியல டீச்சர்," என்றாள் எழுந்துகொண்டே. "அதான் பெரிய பேஜாரு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களால தான் எல்லாம்னு இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறாரு."

தன் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மறுபடி எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

அவள் அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்து வைத்து, "எல்லாம் நீங்க போட்ட பிச்சைங்க, டீச்சரம்மா" என்பார். இந்த ஆண்டும் வருவார். நான் வாங்கிக்கொள்வேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வாங்க மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மென்று விழுங்குவேன்.

இது சனிக்கிழமை இரவில் எழுதுவது. இன்று காலை வகுப்புக்குப் பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். வழக்கமாக 'என் ஊர் திண்டிவனம்' என்பதுதான் நான் கற்றுத்தரும் முதல் பிரெஞ்சு வாக்கியம். இன்று முதல் வேலையாகக் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, தமிழ் எழுத்தில் வேறொன்றை எழுதினேன்: 'ழ ந வே பா வெனீர்.' எனக்கு வர விருப்பமில்லை.

"இது எதுக்கு டீச்சர் எங்களுக்கு?" என்றாள் முன்பெஞ்சுப் பெண். "நாங்கதான் போவணும்னு வந்து குந்திக்கினு இருக்கறோமே!"

"சொல்லுடி," என்றேன்.

சொன்னாள். சரியாக வரவில்லை. மறுபடி சொல்ல வைத்தேன்.