பாயாச நேரத்து ஸ்கைலாப்

கடத்தூரில் என் வாடகை சைக்கிள் கடைக்கு நேர் எதிரில் நூர் பாஷாவின் மைக் செட் கடை இருந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, என் தலையெழுத்து. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். எடுத்துப் போவதற்கு முன் கடை வாசலிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை பேசிப் பார்ப்பார். மற்ற ஊர் மைக் செட்காரர்கள் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் பாய்க்கு அது போதாது.

“வெறும் நம்பரச் சொன்னா கொழாயோட கொரலு எப்பிடித் தெரியும்? மனுசன் பேசற பேச்சப் பேசினாத்தான் எங்க கரகரங்குதுன்னு புடிபடும்” என்பார்.

அதனால் அன்றைய பேப்பரில் வந்த சேதி ஒன்றை எடுத்து, அதோடு தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசிவிடுவார். முக்கால்வாசி தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். ஆனாலும் பாய் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டால் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பான். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். காரணம் கேட்கிறவர்களுக்கு எதிர்க் கடையைக் காட்டிவிடுவேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் சேலத்திலிருந்து பிரித்து எங்களைத் தர்மபுரி என்று தனி மாவட்டம் ஆக்கினார்கள். அன்று பாய் பேசியது: “பெரியோர்களே, இனிமே கேஸ் நடத்த சேலத்துக்கு பஸ் ஏற வேணாம். தர்மபுரியிலயே தோத்துட்டு சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடலாம்.” அந்த மாதமே விடியற்காலையில் கிழக்கே வால் நட்சத்திரம் தெரிந்தது. ஊருக்குக் கேடு என்று ஆளாளுக்குப் பயந்தார்கள். “புது ஜில்லாவுக்கு ஆண்டவன் தோரணம் கட்டி வுட்டிருக்கான், நல்லாப் பாத்துக்குங்க” என்றார் இவர். நிலாவில் மனிதன் இறங்கியபோது, “போனவன் போனான், ஒரு மாசம் அங்கியே தங்கி பெறை எப்பத் தெரியுதுன்னு தந்தி குடுத்திருந்தா, ரம்ஜானுக்கு எங்காளுங்க சண்ட போட்டுக்காம இருப்பாங்க” என்று வருத்தப்பட்டார். எழுபத்து நாலில் ராஜஸ்தானில் பூமிக்கு அடியில் அணுகுண்டு வெடித்தார்கள். “அவ்ளோ பெரிய வெடியா! நம்மூருப் பக்கம் கெணத்துல வெச்சிருந்தா கொஞ்சம் தண்ணியாவது வந்திருக்கும்” என்றார். அந்த வருஷம் வறட்சி. சிரித்துக்கொண்டேதான் பெருமூச்சு விட்டோம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஸ்கைலாப் வந்தது. அமெரிக்காக்காரன் வானத்தில் சுற்றவிட்டிருந்த ஆராய்ச்சிக் கூடம். வீடு அளவுக்கு இரும்பு. அது கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று அனுப்பியவனுக்கே தெரியவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். அவ்வளவுதான், நம் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமா? எதற்கும் இருக்கட்டும் என்று கோழியை அடித்துக் குழம்பு வைத்தார்கள். ஆட்டுக்குட்டியைச் சந்தைக்கு ஓட்டி வந்தவன், செத்த பிறகு பணம் எதற்கு என்று திரும்ப ஓட்டிப்போய் அறுத்துத் தின்றான். கடனுக்கு எடுத்துப்போன சைக்கிளைக் கேட்டால், “இருந்தா வர்ற வாரம் தர்றேங்க” என்றார்கள். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் முனியப்பன் மகள் கண்ணம்மாளின் கல்யாணம். முனியப்பன் டீக்கடை வைத்திருந்தார், பாய்க்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. மாப்பிள்ளை வீடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துக் கிராமம். ஜூலை பதினொன்று, புதன்கிழமை காலையில் முகூர்த்தம். ஆடி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்தங்களில் ஒன்று.

அதற்கு முந்தின வாரம், சந்தை நாளில், பாய் கடை வாசலில் குழாயைப் பேசிப் பார்த்தார். கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரையே வரவழைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை வந்தால் நாக்கு சும்மா இருக்குமா?

“ஸ்கைலாப் எங்க வுழும்னு அமெரிக்காகாரனுக்குத் தெரியலயாம். எனக்குத் தெரியும்! வர்ற புதன்கெழம, நம்ம கடத்தூர்ல, முனியப்பன் வூட்டுக் கல்யாணப் பந்தல்ல, பாயாசம் ஊத்தற நேரத்துல கரெக்டா வுழும். எல்லாரும் எல போட்டு ரெடியா உக்காந்திருங்க!”

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆண்டி. மிளகாய் விற்க வந்த மனுஷன் காதில் அது விழுந்துவிட்டது. பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் பாயின் வேடிக்கை கலெக்டர் ஆபீஸ் சேதியாகிவிட்டது. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாயார் தீர்த்தம்மாளிடமிருந்து ஆள் வந்தது. புதன்கிழமை வேண்டாம், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் பக்கம் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தக்கால் நட்ட பிறகு நின்றுபோன கல்யாணப் பெண்ணை அப்புறம் யார் வந்து கேட்பார்கள்?

முனியப்பன் பாய் கடைக்கு வந்தார். திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, “பாஷா, நீ வெளாட்டுக்குத்தான் சொன்னன்னு எனக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரியலயே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பாய் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் பாய் ஒரு குழாயையும் ஆம்ப்ளிபயரையும் தூக்கிக்கொண்டு, பேட்டரியை என் தலையில் கட்டினார். “வா கிருஷ்ணப்பா, போயி சரி பண்ணிட்டு வந்துடலாம்.” பஸ்ஸில் குழாய்க்கு டிக்கெட் எடு என்று கண்டக்டர் ஒரு பாட்டம் சண்டை போட்டான். ஊர் சேர்ந்ததும், தீர்த்தம்மாள் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, பாய் தொண்டையைச் செருமினார்.

“தாய்மார்களே, நான் சந்தையில சொன்னது பொய்யி. சும்மா தமாசுக்குச் சொன்னது. அந்த இரும்பு எங்க வுழும்னு எனக்குத் தெரியாது. அல்லா சத்தியமாத் தெரியாது.”

கூட்டம் அமைதியாகக் கேட்டது. தீர்த்தம்மாள் ஒரு செம்பு மோரோடு வந்தார். நல்ல உயரமான, கறாரான அம்மாள். பாயின் முகத்தை இரக்கத்தோடு பார்த்தார்.

“குடிங்க பாய். போலீசுல ரொம்ப மெரட்டிட்டாங்களா?”

“யாரும் மெரட்டலிங்க!”

“தெரியுது, தெரியுது. ஜனங்க பயந்துக்கும்னு மாத்திச் சொல்லச் சொல்லியிருப்பாங்க. உங்க மேல தப்பில்லீங்க.”

பதினைந்து வருஷமாக உளறினதையெல்லாம் ஊர் காது கொடுத்துக் கேட்டது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு ஒருத்தரும் நம்பவில்லை. பாய் கெஞ்சினார், கையெடுத்துக் கும்பிட்டார், பேப்பரைக் காட்டினார். “எம் மவன் தலையில வுழுந்தா பேப்பர்காரன் வந்து எடுப்பானா?” என்று தீர்த்தம்மாள் ஒரே கேள்வி கேட்டார். மோர் செம்பு இன்னும் அந்த அம்மாள் கையிலேயே இருந்தது. பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நான் பேட்டரியைக் காலில் போட்டுக்கொள்ள இருந்தேன்.

“அப்ப ஒண்ணு செய்யறேன். எம் பொண்ணு குல்ஷனுக்கு ரம்ஜான் முடிஞ்சு நிக்கா வெச்சிருக்குது. அத முன்னாடி இழுத்து அதே புதன்கெழம, அதே பந்தல்ல, பாயாசம் ஊத்தற அதே நேரத்துல வெக்கிறேன். எம் பொண்ணு உக்காந்திருப்பா. உங்க புள்ள உக்காருவானா மாட்டானா?”

தீர்த்தம்மாள் மோர் செம்பைக் கீழே வைத்தார். பிறகு, “பெத்த பொண்ண உக்கார வெக்கிறீங்களா?” என்றார்.

“வெக்கிறேங்க.”

“அப்ப நாங்க வர்றோம். பொண்ணு வூட்டுல சொல்லிடுங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் பாய் குழாயை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். சொல்லிவிட்டாரே தவிர, வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பேச்சு உருதுவில். கோபம் வந்தால் மட்டும் அவர் மனைவி வஹிதாம்மா தமிழுக்கு வந்துவிடுவார், தெருவுக்கும் புரிய வேண்டுமே. அன்று சாயங்காலம் சுத்தமான தமிழில் கேட்டது:

“உங்க வாயிக்கு எம் பொண்ணா கெடச்சா? நோம்புக்கு அவ கூட இருப்பான்னு நெனச்சிருந்தேன். அவ கையால இந்த ஒரு வருசம் நோம்புக் கஞ்சி குடிச்சுட்டு அனுப்பலாம்னு இருந்தேன். ரெண்டு மாசத்த மைக்குல பேசித் தொலச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!”

குல்ஷன்தான் உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவை அவள் பாவா என்று கூப்பிடுவாள். “கண்ணம்மா எங்கூடப் படிச்சவ பாவா. அவ கல்யாணம் நின்னு போயி, நான் மட்டும் பொறவு பண்ணிக்கிட்டா நல்லாவா இருக்கும்? வெச்சுடுங்க” என்றாள். வஹிதாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

குல்ஷனை எடுக்கப்போகிற சம்பந்தி அப்துல் சுபான் கிருஷ்ணகிரியில் பாத்திரக் கடைக்காரர். விஷயத்தைக் கேட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சாவு வர்ற நேரம் அல்லாவுக்குத் தெரியும். பிரியாணிக்கு எத்தன ஆளுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க” என்றார்.

புதன்கிழமை காலையில் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாம்பார் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் பிரியாணி அண்டாவுக்கு மேல் நெருப்புத் தணல் போடுகிறார்கள். அன்று ஊரில் எந்த வீட்டிலும் உலை வைத்ததாகத் தெரியவில்லை. முகூர்த்தம் தப்பாமல் கண்ணம்மாள் கழுத்தில் தாலி ஏறியது. தீர்த்தம்மாள் ஒரு கண்ணால் மகனையும் ஒரு கண்ணால் மேலேயும் பார்த்தபடி அட்சதை போட்டார். பிறகு அதே பந்தலில் விரிப்பு விரித்து நிக்கா நடந்தது. நிக்கா ஓதிய ஹஜரத் கேட்ட கேள்விக்கு, பந்தலுக்குள் கட்டிய திரைக்குப் பின்னாலிருந்து குல்ஷன் சம்மதம் சொன்னாள். அதைக் கேட்டு முனியப்பன் தன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. பாயாச வாளி பந்திக்குள் வந்தது. பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோர் தலையும் அண்ணாந்தது. எனக்கு இந்த மூடத்தனத்தின் மேல் கடுப்பு. ஆனால் நானும் அண்ணாந்துதான் இருந்தேன்.

பொத்தென்று ஒரு சத்தம். பந்தல் கூரையைப் பிய்த்துக்கொண்டு, பளபளவென்று ஒன்று மேலேயிருந்து இறங்கி, பாயாச வாளிக்கு அரை முழத்தில் மடேர் என்று விழுந்தது.

பாதிப் பந்தி எழுந்து ஓடியது. ஆண்டி மாமன் மேஜைக்கு அடியில் போய்விட்டார். பரிமாறுகிறவன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். புழுதி அடங்கியபின் பார்த்தால், பந்தலை ஒட்டிய புளியமரத்தில் பாய் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்! வாய் நசுங்கிக் கிடந்தது. பதினைந்து வருஷத்தில் பாய் கட்டிய குழாய் ஒன்று அவிழ்ந்ததில்லை. அன்று பெண்ணைப் பெற்றவனாக மரம் ஏறினவர் முடிச்சைச் சரியாகப் போடவில்லை.

யாருக்கும் அடியில்லை என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தீர்த்தம்மாள் மட்டும் இலையை விட்டு அசையவே இல்லை. குழாயை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாய் சொன்ன நேரத்துக்குக் கரெக்டா வுழுந்துடுச்சு. அவ்ளோதான? ஊத்துங்கய்யா பாயாசத்த!”

அப்புறம் கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே! மணமேடையில் கண்ணம்மாள் சிரித்தாள், திரைக்குப் பின்னால் குல்ஷன் சிரித்தது வெளியே கேட்டது, வஹிதாம்மாகூடச் சிரித்துவிட்டார். ஆண்டி மாமனை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து உட்கார வைத்து இரண்டு கரண்டி பாயாசம் கூடுதலாக ஊற்றினார்கள். அப்படி ஒரு கல்யாணச் சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

சாயங்காலம் குல்ஷனை கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். பாய்தான் அவள் பெட்டியை பஸ் மேலே ஏற்றிக் கட்டினார். காலையில் முடிச்சுப் போடத் தெரியாத மனுஷன், இப்போது முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கீழே இறங்கினால் பஸ் கிளம்பிவிடும். கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினான். இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்கே அபிப்பிராயம் சொன்ன வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. “வர்றேன் பாவா” என்றாள் அவள். நான் பஸ் டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்?

வியாழக்கிழமை காலையில் ரேடியோவில் சொன்னார்கள். ஸ்கைலாப் ராத்திரியே விழுந்துவிட்டதாம், கடலில் பாதி, ஆஸ்திரேலியாவில் பாதி. ஊர் சனம் மொத்தமும் பாய் கடை முன்னால் கூடிவிட்டது. அவர் நசுங்கின குழாயை மடியில் வைத்து மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாஷா, ஆஸ்திரேலியாவுல வுழுந்துடுச்சாமே! என்னா சொல்ற?” என்று முனியப்பன் டீ கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

பாய் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பஸ் வருகிற ரோட்டைப் பார்த்தார்.

“ஆஸ்திரேலியாவுல வுழுந்தது கெடக்கட்டும் முனியா. எம் பொண்ணு நல்லபடியா கிருஷ்ணகிரி போயிச் சேந்தாளான்னு அந்த ரேடியோவுல எவனாச்சும் சொன்னானா?”