நலம் விசாரித்தே தீர்ந்துபோன இலவசம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போயும் விடும். இது ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது. நான்கு மாதமாகிறது. கோபப்பட வேண்டியது ஒரு போன் செயலியிடமா, அதைச் செய்து விற்கிறவர்களிடமா, எஸ்டேட்டிடமா, என்னிடமா என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். எல்லாருக்குமே பங்கு இருக்கிறது.

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே விதை, உரம், பூச்சி மருந்து விற்கும் கடையில் நான் கல்லாவில் உட்காருகிறவன். என் அக்கா பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்து ஆயா. இலை பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினாறு வருடமாக அந்த எஸ்டேட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு நடை பழக்கியவள் அவள்தான்.

அன்று மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றாள். தூறலில் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எஸ்டேட் ஆபீஸ் கொடுத்த மெமோ, இங்கிலீஷில். காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. இலை ஏற்றி வந்த டிராக்டர்காரர் பார்த்து நிறுத்தி, தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. ஆனாலும் ஏன் உன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, எழுத்தில் பதில் கொடு என்று மெமோ சொன்னது; கெடு அன்று மாலை நாலு மணி. அது அவள் கைக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"இங்கிலீசுலதான் பதில் குடுக்கோணுமாம்மா?" என்று எங்கள் முதலாளி கேட்டார்.

"அவிய இங்கிலீசுல குடுத்தா நாமளும் இங்கிலீசுலதானுங்களே குடுக்கோணும். இல்லாட்டி மருவாதியா இருக்காதுங்க" என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். தமிழில் எழுதினால் வாங்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களே முடிவு செய்துகொண்டோம். எஸ்டேட் ஆபீஸுக்குப் போகும் காகிதம் இங்கிலீஷில் இருந்தால்தான் எடுபடும் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது.

என் போனில் அந்த அரட்டைச் செயலி இருந்தது. கேத்தியிலிருந்து கேரட் விவசாயிகள் வந்து இலைப் புள்ளி நோயைப் பற்றிக் கேட்டால் எப்போதாவது அதில் தேடிச் சொல்வேன். இலவசம்தான். தமிழில் சொன்னால் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும். அக்காவைக் கிடங்கில் உர மூட்டைமேல் உட்கார வைத்து, "இந்த மைக்கை அமுக்கிப் பேசு, பேசினதும் இந்த அம்புக்குறியை அமுக்கு" என்று சொல்லிப் போனைக் கையில் கொடுத்துவிட்டு நான் வியாபாரத்தைப் பார்க்கப் போனேன். என் முதல் தப்பு அது.

அக்கா சும்மா பேச ஆரம்பிக்க மாட்டாள். யாராக இருந்தாலும் முதலில் நலம் கேட்பாள், பிறகு தன்னைப் பற்றிச் சொல்வாள், எதிராளி ஒரு வார்த்தை பேசக் காத்திருப்பாள், அப்புறம்தான் காரியம். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனாலும், கடன் கேட்கப் போனாலும், சண்டை போடவே போனாலும் முதலில் "நல்லா இருக்கீங்களா" உண்டு.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? நானுங்க, எஸ்டேட்ல ஆயாவா இருக்கறனுங்க" என்று சொல்லி அம்பை அமுக்கினாள். வணக்கம், நான் நலம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முகம் மலர்ந்துவிட்டாள்.

"ஏதோ இருக்கறனுங்க. உங்களுக்கு எத்தனையோ சோலி இருக்கும். தொந்தரவு பண்றாளேன்னு நெனச்சுக்காதீங்க." அம்பு. தொந்தரவே இல்லை, உங்களோடு பேசுவதில் மகிழ்ச்சி, இன்று உங்கள் நாள் எப்படிப் போகிறது?

"இங்க ஒரே தூறலுங்க." அம்பு. தூறலில் தேயிலைத் தோட்டம் அழகாக இருக்குமே, சூடாகத் தேநீர் குடித்தீர்களா?

கல்லாவிலிருந்து இதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வேடிக்கையாகக்கூட இருந்தது. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "விஷயத்துக்கு வா அக்கா" என்றேன்.

"எடுத்த எடுப்புல எப்படித் தம்பி காரியத்தக் கேக்கறது? மொகந் தெரியாதவிய கிட்ட இன்னும் பதனமாப் பேசோணும்" என்றாள்.

பிறகு விஷயத்துக்கு வந்து, மெமோவுக்கு இங்கிலீஷில் பதில் வேண்டும் என்றாள். அதையும் ஒரேயடியாகச் சொல்லவில்லை. பிள்ளை வெளியே போனதை ஒரு தடவை, டிராக்டர்காரர் தூக்கி வந்ததை ஒரு தடவை, பிள்ளையின் அம்மா அழுததை ஒரு தடவை என்று துண்டு துண்டாகச் சொன்னாள். பாதியிலேயே செயலி ஒரு கடிதத்தை இங்கிலீஷில் எழுதி நீட்டிவிட்டு, இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டது.

"இன்னும் முக்கியமானது சொல்லவே இல்லைங்க" என்றாள். அம்பு. தயவுசெய்து சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றது.

அப்போதுதான் கேட்டின் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னாள். "அந்தக் கேட்டுக் கொண்டி ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. ஆபீசர்கிட்ட மூணு வாட்டி சொன்னனுங்க. காப்பக நோட்டுலயும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கறனுங்க. சரி பண்ணித் தரலீங்க."

அம்பை அமுக்கினாள். பதில் வரவில்லை. உங்கள் இலவச வரம்பு முடிந்தது, மாலை 6.10க்குப் பிறகு தொடரலாம், அல்லது சந்தா செலுத்துங்கள் என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

நானும் வியாபாரிதான். இலவசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். புது விதை வந்தால் நாங்களும் ஒரு பிடி சும்மா கொடுப்போம், பிடித்தால் அடுத்த தடவை காசு கொடுத்து வாங்குவார்கள். ஆனால் இவ்வளவுதான் தருவேன் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம். பாதித் தோட்டத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருப்பவன் கையிலிருந்து தெளிப்பானைப் பிடுங்க மாட்டோம். ரேஷன் கடையில்கூட இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இதில் எத்தனை பாக்கி என்று ஒரு இடத்திலும் காணோம். அதைவிடக் கொடுமை, தேநீர் குடித்தீர்களா என்று அதுவே கேட்கிறது. இவள் பதில் சொன்னால் அதையும் ஒரு தடவை என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பேச்சை வளர்த்தது அது, தீர்ந்தது எங்களுக்கு.

சந்தாவைக் கட்டித் தொலைக்கலாம் என்று பார்த்தேன். என் வங்கி அட்டையை அது ஏற்கவில்லை. கடை வைஃபையில் வேறொரு செயலியை இறக்கினேன், போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் போடு என்றது, அந்த மூட்டத்தில் டவரும் இல்லை, எண்ணும் வரவில்லை. மணி ஒன்றே முக்கால். எஸ்டேட் பஸ் இரண்டரைக்கு. அதை விட்டால் நாலு மணிக்குள் போய்ச் சேர முடியாது.

அப்போதுதான் கத்தினேன். கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை. "ஊட்டு நாயம் பேசறதுக்கா வந்தே? நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டே எல்லாத்தையும் தீத்துட்டே. விஷயத்த மட்டும் சொல்லத் தெரியாதா உனக்கு?"

அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அவிய தானே தம்பி கேட்டாங்க, நீங்க எப்படி இருக்கீங்கன்னு. கேட்டா சொல்லாம இருக்கறதா?" என்றாள்.

பாதியில் வந்த அந்தக் கடிதத்தையே வெள்ளைத் தாளில் என் கையால் எழுதினேன். என் பிளஸ் டூ இங்கிலீஷுக்கு எட்டியவரை படித்துப் பார்த்தேன். என் பக்கத்தில் நேர்ந்த கவனக்குறைவுக்கு முழுப் பொறுப்பேற்று வருந்துகிறேன் என்ற மாதிரி ஒரு வரி இருந்தது. கடிதம் என்றால் இப்படித்தான் பணிவாக எழுதுவார்கள் போல என்று நினைத்தேன். கொண்டி உடைந்ததை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. என் இங்கிலீஷில் எழுதி அசிங்கமாகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். கீழே நாலு வரி தமிழில் எழுதியிருக்கலாம். அது தோன்றவே இல்லை. அக்கா கையெழுத்துப் போட்டாள். பஸ் ஏறினாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டதாகப் போன் செய்தாள்.

6.10க்குப் போன் சிணுங்கியது. இப்போது தொடரலாம் என்றது. அந்தக் கடிதத்தைக் காட்டி, கொண்டி விஷயத்தையும் சொல்லி, இது சரியா என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொறுப்பேற்கும் வரியை நீக்கிவிடுங்கள், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும், கொண்டியைப் பற்றிய புகார்தான் உங்கள் முக்கியமான பதில், அதை முதல் பத்தியில் வையுங்கள் என்று அருமையாகத் திருத்திக் கொடுத்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டது. போனைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினேன். தவணை இன்னும் முடியாத போன் அது.

மறுநாளே திருத்திய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டாயிற்றே, இனிமேல் எதற்கு என்று ஆபீஸில் வாங்க மறுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. காப்பகத்திலிருந்து எடுத்து இலை பறிக்க அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்குகிறாள். அவளை மாற்றிய அதே வாரம் கேட்டுக்குப் புதுக் கொண்டி போட்டுவிட்டார்களாம்.

இதையெல்லாம்கூட ஒரு நாள் விழுங்கிவிடுவேனோ என்னவோ. அக்கா தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்கிறவள். சாப்பிட்டியா கண்ணு, அங்க மழையா, முட்டிவலி எப்படி இருக்கு என்று கால் மணி நேரம் போகும். காரியம் என்று ஒன்று இருந்தால் கடைசியில்தான் வரும், பல நாள் இருக்கவே இருக்காது. இப்போது காரியம் இருந்தால் மட்டும் கூப்பிடுகிறாள். "தம்பி, ஒரே விஷயந்தான்" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்து, "அவ்வளவுதான், வச்சறேன்" என்கிறாள்.

நேற்று அவள் வைப்பதற்குள் நானே குறுக்கே புகுந்து, "அக்கா, நான் இன்னும் சாப்பிடல" என்றேன்.

"நேரத்துக்குச் சாப்புடு. உனக்குச் சோலி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.