சோதிக்காத பை

அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் மேனேஜரோடு வாய்த்தகராறு. மறுநாளே ராஜினாமாவை மெயிலில் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை. கோபம் வந்தால் நான் முன்பின் பார்க்க மாட்டேன். பயமெல்லாம் அப்புறம்தான் வரும்.

என் கத்தரிக்கோல், டேப், சால்வை, சாப்பாட்டு டப்பா எல்லாம் அங்கே மேஜை டிராயரில் கிடந்தன. எடுக்கப் போனால் கேஸ் கீஸ் என்று மிரட்டுவார்களோ என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனபோது யாரும் மிரட்டவில்லை. ஒரு தாளை மட்டும் நீட்டினார்கள். எடுத்துப் போவதெல்லாம் என் சொந்தப் பொருள், கம்பெனிப் பொருள் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அங்கே நிற்கவே பிடிக்காமல் டிராயரை அப்படியே பையில் கவிழ்த்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கேட்டில் பெண்களின் பையைச் சோதிப்பது செக்யூரிட்டி அக்கா. நான் ஜிப்பைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உங்க பையப் போயி நான் சோதிக்கறதாங்க அம்மணி? நல்லா இருங்க, போய்ட்டு வாங்க."

சோதித்தாயிற்று என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டில் சால்வையை உதறியபோது ஒரு குழந்தைக் கவுன் விழுந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்த்து, சரி என்று சீல் வைத்து அனுப்பிய சாம்பிள். அளவு பார்க்க நான் வாங்கி வைத்தது, டிராயரிலேயே கிடந்திருக்கிறது. அதை வைத்துத்தான் மொத்த ஆர்டரையும் தைக்க வேண்டும்.

"இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துரு. தெரியாம வந்துருச்சுன்னா முடிஞ்சுது" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறனுங்க. திருடீன்னு போலீசுக்குப் போனா நீங்களா வந்து நிப்பீங்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

நாலாம் நாள் மேனேஜரே போன் செய்து சாம்பிளைப் பற்றிக் கேட்டார். தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் பையத்தான் கேட்டுல சோதிச்சாங்களே, கேட்டுப் பாருங்க" என்றும் சொன்னேன். தப்பித்துக்கொள்ள அந்த அக்காவை முன்னால் தள்ளிவிட்டேன்.

அவர்கள் கேமராவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பையைத் திறக்கவே இல்லை என்று தெரிந்துவிட்டது. என் மேல் சந்தேகம் இருந்தாலும் சாட்சி இல்லை. நோட்டில் பொய் எழுதியதற்காக அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கூட வேலை பார்த்த பெண் சொன்னாள். கேட்டுவிட்டு நான் சும்மாதான் இருந்தேன். கவுன் இன்னும் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

போன மாதம் சிங்காநல்லூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, பையக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

சீட்டில் அந்த அக்கா. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கப் போகிறாராம்.

"நீங்க அப்படிப்பட்டவிய இல்லைன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தேன்" என்றார்.

அக்கா என்றேன். என் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் இறங்கும் இடம் வந்ததும் சிரித்துக்கொண்டே நீட்டினார்.

"எல்லாம் இருக்குதான்னு பாத்துக்கோங்க அம்மணி."

வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.